நாலு கட்டைக்குக் கீழே

அந்த நான்கு மரப்பெட்டிகளும் தூத்துக்குடியிலிருந்து லாரியில் வந்து இறங்கியபோது என் கணவர் கடலில் இருந்தார். உல்லாசக் கப்பலில் இசைக்குழுவில் வாசிப்பது அவர் வேலை. எட்டு மாதம் கப்பல், இரண்டு மாதம் வீடு. கல்யாணமான ஆறாம் மாதத்திலிருந்து எங்கள் வாழ்க்கை அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. திருநகரில் எங்கள் வீட்டு வாசலில் லாரியை நிறுத்திய டிரைவர் ஒரு பெட்டியின் முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இரும்புக் கட்டிலாக்கா? இம்புட்டுக் கனம் கனக்குது" என்று கேட்டார். ஏதோ வாத்தியம் என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஏதோ ஒரு துறைமுகத்தில் மூடப்போகிற ஓட்டலில் கிடைத்ததாகவும், பிரிக்காமல் வைக்கும்படியும் போனில் சொல்லியிருந்தார்.

பெட்டிகள் முன்னறையிலேயே கிடந்தன. ஒன்றின்மேல் பழைய போர்வையை விரித்துத் துணி தேய்த்தேன். இன்னொன்றின்மேல் பரீட்சைத் தாள்களை அடுக்கினேன். நான் அப்போது பக்கத்தில் ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர்.

நாங்கள் இருவரும் சந்தித்தது ஒரு மெல்லிசைக் குழுவில். அவர் கீபோர்டு, நான் பெண் குரல். கொட்டாம்பட்டிப் பக்கத்துத் திருவிழா மேடையிலிருந்து திருமங்கலம் கல்யாண மண்டபம் வரைக்கும், ஒரு வேனில் பத்துப் பேர் நெருக்கியடித்துக்கொண்டு போய் வருவோம். சினிமாப் பாட்டை ஒலித்தட்டில் எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதே சுருதியில் பாட வேண்டும், இறக்கிப் பாடினால் கூட்டம் கண்டுபிடித்துவிடும். உச்ச ஸ்தாயியில் நிற்க வேண்டிய பாட்டெல்லாம் எனக்குத்தான் வரும். மேடையில் நான் அந்த இடத்தைத் தொடுமுன் அவர் கீபோர்டிலிருந்து தலையைத் தூக்கி ஒரு முறை பார்ப்பார். தொட்டு முடித்ததும் மறுபடி குனிந்துகொள்வார். எங்கள் காதல் பெரும்பாலும் அந்தப் பார்வையில்தான் நடந்தது.

செக்கானூரணிக்கு மேற்கே எங்கள் ஊர். அப்பா விவசாயி. மகள் மேடையேறிப் பாடுவது அவருக்குப் பிடிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு குழு கலைந்தது. ஊரெங்கும் டிஜே வந்துவிட்டது. அவர் கப்பலுக்குப் போனார், நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் சத்தம் என்றால் அது நான் பாடுவதுதான்.

பெட்டிகள் வந்து ஒரு மாதத்துக்குள் என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். குரல் மாறக்கூடும் என்று டாக்டர் முன்கூட்டியே பொறுமையாகச் சொன்னார். தம்பிதான் ஊரிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டான். கணவருக்கு எல்லாம் முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். கடலில் இருக்கிற மனுஷன் என்ன செய்ய முடியும்?

கட்டி போனது. நல்ல கட்டிதான், பயமில்லை என்றார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்தும் குரல் திரும்பவில்லை. பேசினால் கரகரவென்று அடியிலிருந்து வந்தது. மேலே ஏற முயன்றால் ஓரிடத்தில் காற்று மட்டும் வரும். பள்ளியில் என்னை நூலகத்துக்கு மாற்றினார்கள். கெஞ்சிக் கேட்டு வாங்கிய மாற்றம் அது. பிள்ளைகள் முன்னால் வாயைத் திறக்க முடியவில்லை.

அறுவை சிகிச்சை நடந்ததைப் போனில் அவரிடம் சொன்னேன். குரலைப் பற்றிச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் அவர், "லைன் சரியில்லையா? உன் குரல் என்னமோ மாதிரி கேக்குது" என்பார். ஆமாங்க, இங்கே சிக்னல் மோசம் என்பேன். ஆறேழு மாதம் சிக்னல்மேல் பழியைப் போட்டுத் தப்பித்தேன்.

பிறகு கொரோனா வந்தது. கப்பல்கள் நின்றன. எந்தத் துறைமுகத்திலும் இறங்க விடாமல் வாரக்கணக்கில் கடலிலேயே வைத்திருந்து, ஒருவழியாக விமானத்தில் அனுப்பி, தனிமை முகாமில் இருக்கவைத்து, மெலிந்து கறுத்து வீடு வந்து சேர்ந்தார். வாசலில் நின்று, "வாங்க" என்றேன். அந்த ஒரு சொல்லில் அவருக்குத் தெரிந்துபோனது. என் முகத்தைப் பார்த்தார். பையை இறக்கி வைத்தார். கை கால் கழுவப் போனார். அன்றும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால் எனக்கு வலிக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். அவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை போல என்று நான் நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் பெட்டிகளைப் பிரித்தார். உள்ளே இருந்தது வைப்ரஃபோன். பெயரை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பியானோ கட்டைகளைப்போல அலுமினியப் பட்டைகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொரு பட்டைக்கும் கீழே ஒரு குழாய். குழாயின் வாயில் ஒரு சிறு வட்டத் தகடு. மோட்டார் ஓடினால் அந்தத் தகடுகள் எல்லாம் ஒன்றாகச் சுழலும், அப்போது ஒலி நேராக வராமல் அலை அலையாக வரும். கையில் நூல் சுற்றிய நாலு கோல், காலுக்கு ஒரு மிதி. அவர் முதல் பட்டையைத் தட்டியபோது, கிணற்றுக்குள் யாரோ மெதுவாக மணி அடித்ததுபோல இருந்தது.

கோல்களில் நூல் பிய்ந்து போயிருந்தது. கடைகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரம். ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து அவர் எனக்கென்று வாங்கி வந்து, மதுரையில் ஒரு நாளும் போட வழியில்லாமல் பீரோவில் கிடந்த ஸ்வெட்டரை எடுத்துப் பிரித்து, அந்தக் கம்பளி நூலை நானே கோல்களில் சுற்றினேன். இறுக்கிச் சுற்றினால் சத்தம் கூர்மையாகும், தளர்த்தினால் மங்கும் என்று சொல்லிக் கொடுத்தார். எட்டுக் கோலுக்கு எட்டு விதமாகச் சுற்றினேன். வேலையில்லாமல் வீட்டில் அடைந்து கிடந்த எனக்கு அது பிடித்திருந்தது.

மோட்டார் ஓடவில்லை. கட்டுப்பாடு தளர்ந்ததும் காஜிமார் தெருப் பக்கம் தையல் மெஷின் மோட்டாரும் மிக்ஸியும் பழுது பார்க்கும் ஒரு பாயிடம் கொண்டுபோனோம். காயிலைப் புதிதாகச் சுற்றி, அறுந்த பெல்ட்டுக்குப் பதில் தையல் மெஷின் பெல்ட்டை வெட்டி ஒட்டி, அவரே ஸ்கூட்டரில் வீட்டுக்கு எடுத்து வந்து மாட்டினார். வேகத்தைக் கூட்டினால் மோட்டார் முனகியது. "கடல் காத்து தின்ன மோட்டாரு, தங்கச்சி. ஓடும். வேகமா மட்டும் ஓடாது" என்றார். அவர் முன்னால் என் கணவர் கொஞ்ச நேரம் வாசித்தார். பாய் திருப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்று கேட்டார். "மாஷா அல்லாஹ்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, டீ கூடக் குடிக்காமல் போனார்.

அந்த மெதுவான அலையைக் கேட்டபிறகுதான் ஆல்பம் செய்யலாம் என்ற எண்ணம் என் கணவருக்கு வந்தது. ஜாஸ். கப்பலில் இருபது வருஷம் மற்றவர்களுக்காக வாசித்த இசையை ஒரு தடவை தனக்காக வாசிக்க வேண்டும் என்றார். ஜாஸ் என்றால் என்னவென்று கேட்டேன். ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு ஆளுக்கொரு வழியில் அலைந்து திரிந்து, கடைசியில் அந்த மெட்டுக்கே வந்து சேர்வது என்றார். கோவாவில் முடங்கிக் கிடந்த கப்பல் நண்பர் ஒருவர் அங்கிருந்தே பேஸ் கிதார் வாசித்து அனுப்ப ஒப்புக்கொண்டார். டிரம்ஸுக்கு எங்கள் பழைய குழுவின் டிரம்மர். கொட்டாம்பட்டியில் சொந்தமாக விவசாயமும் உரக்கடையுமாக இருந்தார். பஸ் விட்டதும் வருவதாகச் சொன்னார். பாட்டும் உண்டா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஒரு நாள் பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து யாரோ முனகிப் பாடுவது கேட்டது. யாரோ ஆண்பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். மெட்டைக் கேட்டதும் கையிலிருந்த கீரை விழுந்தது. முந்தின நாள் இதே இடத்தில் நான் என்னையறியாமல் முனகிய மெட்டு அது. ஜன்னலில் செல்போனை வைத்துப் பதிந்திருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு அதோடு சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

போய் நின்றேன். "யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"நல்லா இருந்துச்சு. அதான்."

"நல்லா இருந்தது எப்பன்னு எனக்குத் தெரியும். இரக்கப்பட்டு நீங்க சொல்ல வேண்டாம்."

அவர் என் கண்முன்னாலேயே செல்போனிலிருந்தும் கம்ப்யூட்டரிலிருந்தும் அதை அழித்தார். அழித்துவிட்டுக் கோல்களைத் துணியில் சுற்றி வைத்தார். நாலைந்து நாள் நாங்கள் சாப்பிடவும் குளிக்கவும் மட்டும் பேசிக்கொண்டோம். இருபது வருஷத்தில் அவ்வளவு நீளமாக நாங்கள் சண்டை போட்டதில்லை. சண்டை போட ஒரே வீட்டில் அவ்வளவு நாள் சேர்ந்து இருந்ததும் இல்லை.

அந்த வாரத்தில்தான் டிரம்மர் வந்தார். பஸ்ஸை நம்பாமல் கொட்டாம்பட்டியிலிருந்து பைக்கிலேயே, பின்னால் ஸ்னேர் டிரம்மையும் ஒரு சாக்கில் தேங்காயையும் கட்டிக்கொண்டு. கதவைத் திறந்து, "வாங்கண்ணே, எம்புட்டு நாளாச்சு" என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், பேசியது யார் என்று. பிறகு என்னைப் பார்த்தார். குழு நாட்களில் என்னைத் தங்கச்சி என்றும் என் கணவரை மாப்ள என்றும் கூப்பிட்டுப் பழகியவர். எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"என்ன தங்கச்சி, குரலு போச்சே."

"ஆமாண்ணே. போயிருச்சு."

அந்த வார்த்தையை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எல்லோரும் சரியாகிவிடும் என்றார்கள், அல்லது கவனிக்காததுபோல இருந்தார்கள். காபி போடுகிற சாக்கில் அடுக்களைக்குப் போய், பால் பொங்கி வழிகிற வரைக்கும் அழுதேன். வெளியே வந்தபோது மனசு லேசாக இருந்தது.

டிரம்மர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. காபியை வாங்கிக்கொண்டு, வாழைத்தாருக்கு என்ன விலை என்று விசாரிக்கிற தொனியில், "இப்ப எத்தனை கட்டையில நிக்கிது?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பழைய நாளில் ஐந்தரைக் கட்டைச் சுருதியில் சாதாரணமாகப் பாடுவேன். இப்போது எது என்று நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பயம். என் கணவர் எழுந்து வைப்ரஃபோன் பக்கம் போனார். என்னைப் பார்த்தார், மேடையில் பார்ப்பாரே, அந்தப் பார்வை. நான் தலையாட்டினேன்.

நடுவிலிருந்து ஒவ்வொரு பட்டையாகக் கீழே தட்டிக்கொண்டு வந்தார். நான் 'ஆ' என்று கூடவே இறங்கினேன். மேல் பட்டைகளில் குரல் நொண்டியது. இறங்க இறங்க நிதானப்பட்டது. கரகரப்பு அப்படியே இருந்தது, ஆனால் ஆட்டமில்லாமல் நின்றது. கடைசிப் பட்டை, நாலு கட்டை. அதையும் தொட்டேன். அதற்குக் கீழே தட்டுவதற்குப் பட்டை இல்லை, நான் இன்னும் இரண்டு படி இறங்கி நின்றேன்.

டிரம்மர் காபித் தம்ளரைத் தரையில் வைத்தார். "மாப்ள, ஒன் வாத்தியம் முடிஞ்சு போச்சு. தங்கச்சி இன்னும் போய்க்கிட்டிருக்கு."

மூவருமே சிரித்துவிட்டோம். ஆல்பத்தில் பாட்டு வந்தது அப்படித்தான்.

மொத்தம் எட்டு உருப்படிகள், மூன்றில் நான் பாடினேன். மூன்றையும் என் குரல் நிற்கிற இடத்துக்கு அவர் இறக்கி எழுதினார். வார்த்தைகளை என்னையே எழுதச் சொன்னார். தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதினேன். 'மத்தியானத் தெருவில் யாருமில்லை, வெயில் மட்டும் நடந்து போகுது, கதவைத் திறந்தே வச்சிருக்கேன்' என்று ஒன்று தொடங்கும். பெரிய கவிதை இல்லை. அந்த நாட்களில் ஜன்னல் வழியாக நான் பார்த்தது அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டிலிருந்து நாலுக்குள் பதிவு. அப்போதுதான் தெரு அடங்கியிருக்கும். படுக்கையறைச் சுவரில் மெத்தைகளைச் சாய்த்து, ஜன்னலைப் போர்வையால் மூடி, ஃபேனை நிறுத்திவிட்டு வாசிப்போம். வியர்வை கோலில் வழிந்து பட்டையில் சொட்டும். திருமங்கலம் பக்கம் ரயில் போனால் நிறுத்த வேண்டும். தண்ணீர் லாரி வந்தால் நிறுத்திவிட்டு, நான் குடத்தோடு ஓட வேண்டும். கரண்டு போனால் மோட்டார் நிற்கும், அலை சட்டென்று நேர்கோடாகிவிடும். இரண்டாவது பாட்டின் முடிவில் பின்னால் மலைப்பக்கத்து மயில் ஒன்று கத்தும். எத்தனை தடவை எடுத்தாலும் அதே நேரத்துக்கு அது கத்தியது, விட்டுவிட்டோம்.

பாடக் கற்றுக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பாட்டு மேலே ஏறும்போதுதான் எனக்கு உயிர் வரும். இப்போது ஏற இடமில்லை. ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கப் பழகினேன். காத்திருக்கிற இடத்தில் வைப்ரஃபோன் அலை வந்து நிரப்பும். பாயின் மோட்டார் மெதுவாகச் சுற்றுவதும் என் மூச்சும் ஒரே வேகத்தில் இருப்பதை டிரம்மர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்.

அந்த 'மத்தியானத் தெரு' பாட்டை மூன்று தடவை எடுத்தோம். முதல் தடவை, 'திறந்தே' என்ற இடத்தில் குரல் உடைந்தது. பாதிச் சொல் காற்றாகப் போனது. பாடி முடித்ததும் அவர் வெகுநேரம் கோலைத் தூக்கியபடியே நின்றார். இதுதான் வேண்டும் என்றார். அழியுங்கள் என்றேன். ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லும்படி கேட்டார். கேட்கவே மாட்டேன் என்றேன். டிரம்மர், டிரம்மை வருடி வாசிக்கிற கம்பிப் பிரஷ்ஷைத் தொடையில் தேய்த்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என் கணவர் அழித்தார். மூன்றாவது பதிவுதான் ஆல்பத்தில் இருக்கிறது. சுத்தமாக இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த முதல் பதிவை இப்போது கேட்க வேண்டும்போல இருக்கிறது. அந்தப் பிடிவாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வருத்தம்தான்.

கோவா நண்பர் மூலம் ஆல்பம் இணையத்தில் வெளியானது. உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. செக்கானூரணியிலிருந்து தம்பி போன் செய்து, "அக்கா, பத்து நிமிஷமா கேக்குறேன், பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?" என்று கேட்டான். பள்ளியில் ஒரு டீச்சர் நன்றாக இருக்கிறது, அந்த ஆண் குரல் யார் என்றார். நான்தான் என்றேன். அவர் சங்கடப்பட்டார், எனக்குச் சங்கடமாக இல்லை. காஜிமார் தெருப் பாய் தன் கடையில் வேலை செய்யும்போது போட்டுக் கேட்பதாகவும், ரேடியோ ரிப்பேரா என்று வருகிறவர்கள் கேட்பதாகவும் சொன்னார். மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று கவனிக்கத்தான் கேட்கிறேன் என்பாராம்.

கப்பல்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அவர் போனார். ஒன்றரை வருஷத்துக்கும் கொஞ்சம் அதிகம், நாங்கள் ஒரே கூரையின் கீழ் தொடர்ந்து வாழ்ந்த காலம் அதுதான். ஊரே பயந்து கிடந்த காலத்தை நல்ல காலம் என்று சொல்ல வாய் கூசுகிறது. தெருவில் எத்தனை வீடுகளில் சாவு விழுந்தது. இருந்தாலும் மெத்தைகள் சாய்ந்த அந்த அறையின் புழுக்கமும், கம்பளி நூலின் வாசமும், மயில் கத்தியதும் மூவரும் ஒரே நேரத்தில் விட்ட பெருமூச்சும் நினைவுக்கு வந்தால், அந்த அறைக்கு ஒரு மத்தியானம் மட்டும் திரும்பிப் போய்வர மனம் ஏங்குகிறது.

போன விடுமுறையில் டிரம்மரின் மகளுக்குத் திருமங்கலத்தில் கல்யாணம். வரவேற்பில் டிஜே தொடங்குமுன் நாங்கள் ஒரு பாட்டு வாசிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். வைப்ரஃபோனைச் சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். பெண்ணின் அப்பா பட்டு வேட்டி சட்டையோடு மேடையேறி உட்கார்ந்து பிரஷ்ஷைக் கையில் எடுத்தார். நான் மேடையில் மைக் முன்னால் நின்று இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூட்டம் பாதி கவனித்தது, பாதி பந்திக்கு இடம் பிடிக்கப் போனது. பாடி முடித்ததும் முன் வரிசையில் இரண்டு பெண்கள் கைதட்டினார்கள். ஒரு பெரியவர் மேடைக்கு வந்து, அடுத்து என்ன பாட்டு என்று நேயர் விருப்பம்போலச் சீட்டை நீட்டினார். டிரம்மர் அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சம்பந்தியை வரவேற்க இறங்கி ஓடினார்.

மறுநாள் என் கணவர் கப்பலுக்குக் கிளம்பினார். விமான நிலையத்தில் விட்டுவிட்டு ஆட்டோவில் திரும்பினேன். ரிங் ரோட்டில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "எங்கிட்டயாக்கா பேசுறீங்க?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. பாடிக்கிட்டு வாரேன்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த எஃப்.எம்மை நிறுத்தினார்.